பொம்மைகள் இப்படிப் பேசுமா?

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைக’ளில் துறவி, மாவு ஆலைக்காரன், வணிகர் என்று தொழில்தான் பலருக்கு அடையாளம். எல்லாம் அச்சில் வார்த்த பொம்மைகள். இதற்கா இத்தனை கொண்டாட்டம்?

பதில்: கேன்டர்பரிக்குப் போகும் யாத்ரீகர்கள் வழியில் கதை சொல்லிக்கொள்ளும் நூல் அது. அவர்களை அறிமுகப்படுத்தும் முன்னுரையோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது.

அச்சு இருப்பது உண்மைதான். தொழுபவர், போரிடுபவர், உழைப்பவர் என்று சமூகத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் குறையையும் சாடுவது அன்றைய ஐரோப்பாவின் பழகிய மரபு. யாத்ரீகர்களில் ஏழைப் பங்குக் குருவும் அவருடைய சகோதரனான உழவனும் அந்த அச்சை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆனால் 1387 வாக்கில் சாசர் எழுதத் தொடங்கியபோது அந்த மூன்று பிரிவுமே ஆட்டம் கண்டிருந்தன. 1348-49 கொள்ளைநோய் உழைப்பாளிகளை வாரிக்கொண்டு போனது. 1381இல் கிளர்ச்சி செய்த குடியானவர்கள் லண்டனுக்குள்ளேயே புகுந்தார்கள்.

கதையிலும் வரிசை குலைகிறது. நைட் எனும் உயர்குடிப் போர்வீரர் சொல்லி முடித்ததும், கதை சொல்லலை நடத்தும் விடுதிக்காரர் ஹாரி பெய்லி, தகுதி பார்த்துத் துறவியை அழைக்கிறார். குடிபோதையில் இருக்கும் ஆலைக்காரன், நான் சொல்வேன், இல்லையேல் என் வழியே போகிறேன் என்று குறுக்கே விழுகிறான். அவன்தான் சொல்கிறான்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன், கந்தலையும் எலும்பையும் புனிதப் பொருளாகக் காட்டிக் காசு பறிப்பதைத் தானே ஒப்புக்கொள்கிறான். பிறகு, பொன்னாசையால் மூன்று பேர் ஒருவரையொருவர் கொன்று மடிந்த கதையைக் குலை நடுங்கச் சொல்கிறான். சொன்ன சூட்டோடு, அதே கூட்டத்தைப் பார்த்து, வந்து இந்தப் புனிதப் பொருட்களை முத்தமிட்டுக் காணிக்கை போடுங்கள் என்கிறான்! பெய்லி அவன் ஆண்மையைக் குத்தி ஏசியதும், அத்தனை பேசிய வாய் கோபத்தில் அடைத்துப்போகிறது. எந்தப் பொம்மைக்கு இப்படி வலிக்கும்?

இன்னொரு யாத்ரீகரான பாத் நகரத்து அலிசனுக்குக் காது மந்தம் என்று முன்னுரையில் ஒரு வரி போகிறபோக்கில் வரும். காரணம் வெகு தூரம் தள்ளி, அவள் வாயாலேயே வருகிறது. ஐந்தாம் கணவன், பெண்களைப் பழிக்கும் கதைத் தொகுப்பு ஒன்றை ஓயாமல் வாசித்துக் காட்டுகிறான். ஓர் இரவு பொறுக்கமாட்டாமல் பக்கங்களைக் கிழிக்கிறாள். அவன் அறைந்த அறையில் காது போனது. இந்தக் கதைகளைப் பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் அக்கிரமம் எவ்வளவு வெளிவந்திருக்கும் என்று கேட்கிறாள். வாயாடிப் பெண் என்ற அச்சுக்குள் இருந்துகொண்டே, அந்த அச்சை வார்த்தவன் யார் என்று 14ஆம் நூற்றாண்டில் கேட்கிறாள்.

அவள் பேச்சை முழுதாக வாசியுங்கள். பிறகும் பொம்மை என்று தோன்றினால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.