மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பல வருடமாக இனிப்பு நீர். அரசாங்க கிளினிக்கில் தரும் மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார். அது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு, மூன்று மாதமாக மாத்திரையைத் தொடவில்லை. தினமும் பாகற்காய்ச் சாறுதான். காலையில் வெறும் வயிற்றில் 10.8 காட்டுகிறது. கேட்டால், "நூற்று இருபத்தாறுக்கு மேல் போனால்தான் சீனியாம், எனக்குப் பத்துதானே" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பத்தைச் சரி செய்துவிடுவோம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் சொல்வது மில்லிகிராம் கணக்கு. மலேசியாவில் நம் மெஷின் காட்டுவது மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். அம்மாவின் 10.8 அங்கே 194. அவர் சொல்லும் 126 இங்கே வெறும் 7. கால்குலேட்டரை அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கிட்னி. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மெட்ஃபார்மின் உடலை விட்டு வெளியேறுவது கிட்னி வழியாக. கிட்னி ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு அது உடலில் தங்கிவிடக்கூடும் என்பதால் டாக்டர் அளவைக் குறைப்பார், கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். (eGFR) என்ற எண் 30-க்குக் கீழே போனால் நிறுத்தியே விடுவார். பார்க்கிறவர்கள், "கிட்னி போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், அப்படியென்றால் மாத்திரைதான் காரணம்" என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் கிட்னியின் நுண்ணிய இரத்தக் குழாய்களை வருடக்கணக்கில் அரிப்பது கட்டுப்படாத சீனியும் இரத்த அழுத்தமும்தான். அம்மா கிட்னியைக் காப்பாற்ற நினைத்து, அதைக் கெடுக்கிற சீனியை ஏற விட்டிருக்கிறார். எனக்கு இதுதான் மனவருத்தமாக இருக்கிறது.

மெட்ஃபார்மினில் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றுப் புரட்டல், பேதி சிலருக்கு வரும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் குறையும். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாகற்காயைக் குழம்பிலோ பொரியலிலோ தாராளமாகச் சாப்பிடட்டும். மாத்திரைக்குப் பதிலாக அது நிற்காது.

இந்த வாரமே அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். மூன்று மாதம் மாத்திரை எடுக்கவில்லை என்பதை மறைக்க வேண்டாம். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் டாக்டர் தப்பான கணக்கில் மருந்தைக் கூட்டிவிடுவார். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னி பாதிப்பு பல நேரம் முதலில் தலைகாட்டுவது அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையில்தான். அதற்குள் வாந்தி, தாங்க முடியாத தாகம், மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், முழங்கால் வலிக்கென்று அம்மா கடையில் வாங்கும் மாத்திரையோ, யாரோ கொடுத்த சூரணமோ வீட்டில் இருக்கிறதா? கிட்னியைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத்தான். சூரண டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லையென்றால் சாப்பிடவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.