காளான் ஷூ வாங்கலாமா?

கேள்வி: சார், காளான்ல செஞ்ச ஷூன்னு விளம்பரம் பார்த்தேன். மாட்டுத்தோல் வேண்டாம்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, ஆனா விலை சாதாரண ஷூவைவிட நல்லாவே கூட. தினமும் ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போனா உழைக்குமா?

பதில்: தினமும் போடறதுக்குன்னா இப்போதைக்கு வேண்டாங்க. எப்பவாவது ஒரு விசேஷத்துக்குப் போட, கையில காசும் இருக்கு, புதுசா ஒண்ணு வச்சுக்கணும்னு ஆசையும் இருக்குன்னா அது வேற கதை.

முதல்ல அது என்னன்னு பார்த்துடலாம். குடை மாதிரி வெளிய தெரியுதே, அந்தக் காளானை உரிச்சு ஷூ தைக்கிறது இல்ல, அதுக்குக் கீழ வேர் மாதிரி பரவிக் கிடக்கிற நூல் நூலான பூஞ்சை இழை இருக்கு பாருங்க, மைசீலியம்னு சொல்வாங்க, அதைத்தான் மரத்தூள், விவசாயக் கழிவு இதையெல்லாம் தட்டுல நிரப்பி, ஈரத்தையும் சூட்டையும் அளவா வச்சு வளர்க்கிறாங்க. கொஞ்ச நாள்லயே மெத்துமெத்துன்னு ஒரு விரிப்பு மாதிரி வந்துடும், அதை எடுத்து அழுத்தி, பதப்படுத்தி, சாயம் போட்டு, மேல ஒரு பூச்சும் குடுத்தா பார்க்க தோல் மாதிரியே இருக்கும். குடையையே உபயோகிக்கிற வகையும் உண்டு, இத்தாலியில மஸ்கின்னு ஒண்ணு அப்படித்தான் செய்றாங்க. இது ஒண்ணும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்ல, ருமேனியாவுல கோருண்ட்னு ஒரு ஊர்ல மரத்துல முளைக்கிற ஒரு காளானை அடிச்சு இழுத்து விரிச்சு தொப்பி செய்றது பரம்பரைத் தொழில்.

ஆனா தொப்பி தலையில சும்மா உட்கார்ந்திருக்கு, ஷூ அப்படி இல்லையே. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் விரல் மடங்குற இடத்துல மேல்பாகம் மடங்கி நிமிருது, ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கான தடவை. உள்ள வேர்வை, வெளிய மழைத்தண்ணி. அதுக்கும் முன்னாடியே, ஷூ தயாரிக்கும்போது கால் அச்சு மேல போட்டு இழு இழுன்னு இழுத்து ஒட்டுறாங்க, அப்பவே கிழியாம இருக்கணும். மாட்டுத்தோல்ல கொலாஜன்னு ஒரு புரத நார் எல்லாப் பக்கமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கு, அதனாலதான் அது இவ்வளவையும் தாங்குது. பூஞ்சை இழையில இயற்கையா அவ்வளவு இறுக்கம் வராது. அதனால உள்பக்கம் துணி குடுக்கிறாங்க, இல்ல வளரும்போதே உள்ள துணியை வச்சு வளர்க்கிறாங்க, மேல பாலியூரித்தேன் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பூச்சும் பல வகைகள்ல உண்டு.

ஜெர்மனியில ஃப்ரைபெர்க் ஊர்ல ஃபில்க்னு தோல் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு. அவங்க 2021-ல தோல், ரெக்சின் வகை, அப்புறம் தோலுக்கு பதிலா அன்னாசி இலை, கள்ளி, காளான் இதுல செய்ற சமாச்சாரம் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சோதிச்சுப் பார்த்தாங்க. எல்லா விஷயத்துலயும் தோலுக்கு ஈடா ஒண்ணுகூட நிக்கல, நான் மேல சொன்ன மஸ்கின் இழுவைக்கு ரொம்பவே பலவீனம்னு வந்துச்சு. தோல்காரங்க நிலையம் வேற எப்படிச் சொல்லும்னு நீங்க கேட்கலாம், நியாயமான சந்தேகம்தான். அதோட மஸ்கின் குடை வகை, தட்டுல வளர்க்கிற இழை வகை அதைவிடத் தேவலாம். ஆனாலும் கம்பெனிகள் நடந்துகிட்ட விதமே பாதி பதிலைச் சொல்லிடுது.

அமெரிக்காவுல போல்ட் த்ரெட்ஸ்னு ஒரு கம்பெனி மைலோங்கிற பேர்ல காளான் தோல் கொண்டு வந்தாங்க, 2020-ல அடிடாஸ், லூலூலெமன், ஸ்டெல்லா மெக்கார்ட்னி, கெரிங்னு உடை, ஃபேஷன் உலகத்துப் பெரிய தலைகள் எல்லாம் கூட்டு சேர்ந்தாங்க, 2021-ல அடிடாஸ் அவங்களோட ஸ்டான் ஸ்மித் ஷூவையே மைலோவுல செஞ்சு காட்டுச்சு, எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. கடைசியில 2023-ல போல்ட் த்ரெட்ஸ் பணம் திரட்ட முடியாம மைலோ உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. அதே 2021-ல மைக்கோவொர்க்ஸ்னு இன்னொரு காளான் தோல் கம்பெனியோட சேர்ந்து எர்மேஸ்ங்கிற பிரெஞ்சு ஆடம்பர பிராண்ட் காட்டினது ஷூ இல்ல, பை. பை மடங்காது, மிதிபடாது, அதான் காரணம்னு நான் நினைக்கிறேன். இதுல வேடிக்கை என்னன்னா அந்தப் பையில காளான் தோலோட கன்னுக்குட்டித் தோலும் இருந்துச்சு! மாட்டுத்தோல் வேண்டாம்னு நினைக்கிற உங்களுக்கு இது முக்கியம், காளான்னு எழுதியிருந்தாலே மிருகத்தோல் கலக்கலன்னு அர்த்தம் கிடையாது, தனியா கேட்டுக்கணும்.

கேள்வி: மழையில நனைஞ்சா ஷூவுல காளான் முளைச்சிடாதா? சிரிக்காம பதில் சொல்லுங்க!

பதில்: சிரிக்கல. முளைக்காது. பதப்படுத்தும்போதே பூஞ்சையை சாகடிச்சுடறாங்க. ஈரத்தோட மூடி வச்சா பூசணம் பிடிக்கும், ஆனா அது மாட்டுத்தோல் ஷூவுக்கும் பிடிக்கும், துணி ஷூவுக்கும் பிடிக்கும். நிழல்ல காய வச்சு எடுத்து வைங்க, போதும்.

கேள்வி: உழைக்கிறது இருக்கட்டும், மண்ணுல மக்கிப்போயிடும்ல? பூமிக்கு நல்லதுன்னு அதுக்காகவே வாங்கக்கூடாதா?

பதில்: வெறும் பூஞ்சை இழை நல்லாவே மக்கும். ஈகோவேட்டிவ்னு ஒரு அமெரிக்க கம்பெனி, 2007-ல ஆரம்பிச்சது, தெர்மாகோலுக்கு பதிலா பூஞ்சையில பேக்கிங் செய்றாங்க, அதை உடைச்சு மண்ணுல போடலாம். ஷூ அப்படி இல்ல. மேல பூச்சு, உள்ள துணி, நடுவுல பசை, கீழ ரப்பரோ ஃபோமோ சோல். ஒரு ஷூவுல காளான் இருக்கிறது மேல்பாகத்துல மட்டும்தான், அதுலயும் எத்தனை சதவீதம்னு கேட்டா பாதிப் பேர் வாயைத் திறக்கமாட்டாங்க. சதவீதமே சொல்லாத பிராண்டை விட்டுத் தள்ளுங்க.

தோல் தரப்பும் சுத்தம்னு நான் சொல்ல வரல, பெரும்பாலான தோல் குரோமியம் போட்டுத்தான் பதனிடுறாங்க, அந்தக் கழிவுத்தண்ணி சரியா சுத்திகரிக்காம விட்டா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். ஆனா ஒரு வருஷத்துல தூக்கிப் போடற ஷூ எதுல செஞ்சிருந்தாலும் பூமிக்கு என்ன லாபம்? பாலியூரித்தேனுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் வேற உண்டு, காத்துல இருக்கிற ஈரத்துலயே சில வருஷத்துல சிதைஞ்சு போகும், போடாம பெட்டிக்குள்ள பத்திரமா வச்ச ஷூவும் ஒரு நாள் எடுத்துப் பார்த்தா உதிரும். பத்திரமா வச்சா நாள்படும்னு நம்பிடாதீங்க.

கேள்வி: அப்போ மிருகத்தோல் வேண்டாங்கிறவங்க என்னதான் போடறது?

பதில்: கேன்வாஸ் துணி மேல்பாகம், ரப்பர் சோல், சோலை ஓரத்துல நூல் போட்டுத் தைச்சது. பெருமை பேச ஒண்ணும் இல்லாத பழைய சரக்குதான், ஆனா துவைக்கலாம், தைக்கலாம். ஆபீஸுக்கு அது சரிப்படாதுன்னா மைக்ரோஃபைபர் ஷூ பாருங்க, ரொம்ப மெல்லிசான செயற்கை இழையில செஞ்சது. அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனா மடங்குறதைத் தாங்கும். அன்னாசி இலை, கள்ளின்னு வர்றதுலயும் பிளாஸ்டிக் கலப்பு இருக்கு, அதையும் கேட்டுட்டு வாங்குங்க.

காளான் ஆசை விடலன்னா முதல்ல ஒரு பையோ டைரி அட்டையோ வாங்கி உபயோகிச்சுப் பாருங்க. இல்ல ஷூதான்னு பிடிவாதமா இருந்தா, கடையிலயே விரல் பக்கம் நல்லா மடக்கிப் பார்த்து, மடிப்புல வெள்ளைக் கோடு விழுதா, பூச்சு விரியுதான்னு பாருங்க, திருப்பிக் குடுக்க எத்தனை நாள் டைம் தர்றாங்க, சோல் போனா மாத்த முடியுமா, இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டு அப்புறம் காசைக் குடுங்க.