தோட்டத்துச் சின்ன ஷெட்டுக்கு ஓடு போட்டால் மழைக்கு ஒழுகாதா?

தாராளமாகப் போடுங்கள். சைக்கிள், மண்வெட்டி, உர மூட்டை வைக்கத்தான் ஷெட் என்று நினைக்கிறேன். "எல்லாரும் தகரம் போடுறாங்க, நீ ஏன் ஓடு?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற இடம். கிணற்றடியில் நான் போட்ட ஷெட்டுக்குப் பழைய மங்களூர் ஓடுதான். 1865ல் பாசல் மிஷன்காரர்கள் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷனரிகள்) மங்களூரில் செய்ய ஆரம்பித்த அதே மாதிரி ஓடு. இடித்த வீட்டிலிருந்து வாங்கினேன். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தே எடுத்தேன்: கணீரென்று கேட்டால் நல்லது, 'டொக்' என்றால் உள்ளே விரிசல்.

ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பார்த்தால் பெரும்பாலும் வாட்டம் போதாமல் இருக்கும், இல்லையென்றால் பட்டியலை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், ரீப்பர்) தப்பான இடைவெளியில் அடித்திருப்பார்கள். எங்கள் ஷெட் பத்தடி அகலம். நடு முகடு மூன்றடி உயரம், அதாவது ஒவ்வொரு பக்கமும் ஐந்தடிக்கு மூன்றடி சரிவு. பட்டியல் இடைவெளியை யாரிடமும் கேட்காதீர்கள். இரண்டு ஓட்டைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகக் கவ்வும்படி வைத்து, ஒரு ஓட்டின் அடிக்குமிழிலிருந்து (பட்டியலில் மாட்டிக்கொள்ள ஓட்டின் அடியில் இருக்கும் புடைப்பு) அடுத்ததின் குமிழ் வரை அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு அடி வரும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால் ஒரே சரிவில் இரண்டு கம்பெனி ஓட்டைக் கலக்கக் கூடாது. இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ் விளிம்பு) மேலே ஏறிக்கொண்டே போய், கடைசியில் முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பதிக்க வேண்டும்.

இறவாண வரிசையையும் இரண்டு ஓரங்களையும் கம்பி போட்டுக் கட்டச் சொன்னவர் எங்கள் ஆசாரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பக்கத்துத் தோட்டத்துத் தகரம் வாழைக்குள் போய் விழுந்தது. எங்கள் கூரையில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

அந்த ஆசாரியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கிரானைட் கடையில் சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுக்கிறவர்கள், நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து கூரைக்குக் கைமரம் செதுக்குகிறவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். அவர் மகன் இந்த வேலைக்கு வரவே இல்லை. எப்படி வருவான்?

நான் இன்ஜினியர் இல்லை. மரச்செலவு கூடும், தேங்காய் விழுந்தால் உடையும், குரங்கு புரட்டும் என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான். உடைந்த ஓட்டை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு என்று சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பிரிட்டனில் 1999லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தென்னைக்கு நேர் கீழே மட்டும் ஷெட் வேண்டாம்.