மூணு இடத்துக்கும் போறேன், தப்பா?

கேள்வி: அக்கா, பிரதோஷத்துக்கு சிவன் கோயிலுக்கும் போறேன், நாகூர் தர்கால போய் உட்கார்ந்தாலும் மனசு அடங்குது, ராத்திரி பைபிள்ல சங்கீதம் படிச்சாதான் தூக்கம் வருது. அம்மா "ஏதாவது ஒண்ணுல நில்லுடி"ன்னு திட்டுறாங்க. தப்பா?
- திருவாரூர் வாசகி

பதில்: தப்பே இல்லம்மா. நீ போற நாகூர்லயே அந்த 131 அடி பெரிய மினாராவ கட்டிக்குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங்தான், இன்னிக்கும் கந்தூரிக்கு எத்தனை இந்துக் குடும்பங்க வருது. குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளில சாந்திவனம்னு ஒரு ஆசிரமம் இருக்கு, 1950ல ரெண்டு பிரெஞ்சு பாதிரியாருங்க ஆரம்பிச்சது, 1968ல அங்க வந்த இங்கிலாந்துக்காரர் பீட் கிரிஃபித்ஸ் காவி கட்டிக்கிட்டு உபநிஷதம் படிச்சிக்கிட்டே கடைசி வரைக்கும் கிறிஸ்தவ துறவியா இருந்தாரு, எனக்கு அவர ரொம்ப பிடிக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், ராமகிருஷ்ணர் 1866ல இஸ்லாம் வழில சாதனை பண்ணப்ப மூணு நாள் அல்லா பேரச் சொல்லி, தொழுகை பண்ணிக்கிட்டு இருந்தாராம், காளி கோயில் பக்கமே போகலையாம். அப்படி முழுசா இறங்கணும், சும்மா தொட்டுட்டு வர்றது பத்தாது. அதனால தினமும் பண்றதுக்கு ஒண்ண வச்சுக்கோ, மத்ததுக்கு போறப்ப அவங்க முறையக் கேட்டு மரியாதையா நடந்துக்கோ. அம்மாவையும் ஒரு வியாழக்கிழமை தர்காவுக்கு கூட்டிட்டு போயேன்.