தலைக்குள் வயர் வைத்தால் தலையிடி போகுமா? கேட்டவர்களுக்குப் பதில்

மூளைக்குள் கரண்ட் கொடுத்துத் தலையிடியை நிற்பாட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ போன கிழமை எல்லாருடைய போனிலும் சுற்றியது. எனக்கும் ஆறு பேர் அனுப்பினார்கள். சரி, கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன், நாற்பதுக்கு மேல் வந்துவிட்டது. நான் டொக்டர் இல்லை. நரம்பியல் வார்டிலும் ஒப்பரேசன் தியேட்டரிலும் காலம் போக்கிய தாதி, இப்போது ஓய்வெடுத்து திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு ரீச்சர்: மிஸ், பன்னிரண்டு வருடமாக ஒற்றைத் தலையிடி. வெளிச்சம் கண்டால் சத்தி வரும். எனக்கும் அந்த வயரை வைப்பார்களா?

மாட்டார்கள். வீடியோவில் காட்டியது உங்களுடைய தலையிடிக்கு இல்லை, அதைக் கீழே சொல்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி: மாதத்தில் எத்தனை நாள் பனடோல் (பரசிற்றமோல்) போடுகிறீர்கள்? எத்தனை குளிசை என்று கேட்கவில்லை, எத்தனை நாள்? வெறும் பனடோல் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ட்ரிப்டான், எர்கோட்டமின் மாதிரி ஒற்றைத் தலையிடிக்கென்றே கொடுக்கிற மருந்துகள் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். வலிக்குப் போடுகிறோம் என்று நினைப்போம், போடுவதால் வலிக்கும். கலண்டரில் போட்ட நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள், பிறகு எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி: இவர் ஓட்டோ ஓடுகிறவர். ஒவ்வொரு இராவும் ஒரு மணிக்கு எழும்பி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார், சுவரில் தலையை இடிக்கிறார். கண்ணால் தண்ணி, ஒரு பக்க மூக்கு அடைப்பு. முக்கால் மணித்தியாலத்தில் நின்றுவிடும். பீனிசம் என்று மருந்து எடுத்தோம், மேல்பல் இரண்டு பிடுங்கியாயிற்று. இதற்கு வயர் வைக்கலாமா?

மகள், நீங்கள் எழுதிய மாதிரி எழுதினால் எந்த நரம்பியல் டொக்டருக்கும் பாதி வேலை முடிந்துவிடும். இது கிளஸ்டர் தலையிடியாக இருக்கலாம், உறுதி செய்ய வேண்டியது அவர்கள். ஒற்றைத் தலையிடிக்காரர் இருட்டு அறையில் அசையாமல் படுப்பார், இவர்களால் இருக்கவே முடியாது, நடப்பார்கள். ஒரு தாக்கம் 15 நிமிடத்திலிருந்து 180 நிமிடம் வரை, ஒரே பக்கம், பெரும்பாலும் ஒரே நேரத்துக்கு. பல்லைப் பிடுங்கிய கதையை நான் வார்டில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். நல்ல பல்லுகள், பாவம்.

இந்த மணிக்கூட்டுக் குணம்தான் வயருக்கு வழிவிட்டது. 1998இல் லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி கூட்டத்தார் தாக்கம் நடக்கும்போதே மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். நித்திரை, உடம்பின் நேரம் எல்லாவற்றையும் பார்க்கிற ஹைப்போதலமஸ் என்ற இடத்தின் பின்பக்கம் வேலை செய்வது தெரிந்தது. 2000ஆம் ஆண்டு இத்தாலியின் மிலானில் அந்த இடத்துக்கே வயர் இறக்கினார்கள். தலையில் சட்டத்தைத் திருகிப் பூட்டி, மண்டையோட்டில் துளை போட்டு, ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை உள்ளே விடுவது. அதன் வால் தோலுக்கடியால் கழுத்து வழியாக இறங்கி, காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பற்றரிப் பெட்டியில் முடியும்.

வீடியோ இந்த இடத்தில் முடிந்துவிட்டது, கதை முடியவில்லை. பெல்ஜியத்தில் ஆறு பேருக்குச் செய்ததில் ஒருவர் மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்தார். 2010இல் பிரான்சில் 11 பேருக்கு வயரை வைத்து, ஒரு மாதம் கரண்ட் கொடுத்தும் ஒரு மாதம் கொடுக்காமலும், எது எப்போது என்று அவர்களுக்கே தெரியாமல் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. பிறகு எல்லாருக்கும் மாதக்கணக்காகப் போட்டு விட்டபோது 6 பேருக்குத் தாக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. உடனே வேலை செய்யாமல் மெதுவாகத்தான் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அது தானாகவே குறைந்த காலமாகவும் இருக்கலாம் என்று சிலர். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன், இந்த நோயே வரும் போகும்.

ஆகவே வயர் கடைசிப் படி. முதல் படி ஒக்சிசன். முழு ஒக்சிசன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லீற்றர், பை தொங்குகிற மாஸ்க்கில், குனிந்து இருந்துகொண்டு 15 நிமிடம். 2009இல் வந்த ஆய்வில் ஒக்சிசன் எடுத்த தாக்கங்களில் 78 வீதம் கால் மணித்தியாலத்தில் அடங்கியது, வெறும் காற்று எடுத்ததில் 20 வீதம். மூக்கில் செருகுகிற குழாயில் இரண்டு லீற்றர் விட்டுவிட்டு “ஒக்சிசனும் கேட்கவில்லை” என்று எழுதாதீர்கள், அது கொடுக்காததற்குச் சமன். தாக்கம் வராமல் தடுக்க வெரபமில் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் அளவைக் கூட்டும்போது ஈசிஜி (இதயத் துடிப்புப் பதிவு) எடுத்துப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து: அம்மாவுக்கு 67. இரண்டு கிழமையாகப் புதுத் தலையிடி, சாப்பிடும்போது தாடை நோகுதாம். வயர்…

வயரும் இல்லை ஒன்றும் இல்லை. இன்றைக்கே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தாடை நோவதை மறக்காமல் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் அழற்சி என்றால் கண்பார்வை போய்விடும், போனால் திரும்பாது.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் குறையுமா?

ஏழு கிணறு இருக்கிறது, ஏழிலும் குளியுங்கள், சுகமாக இருக்கும். தலையிடிக்கு மருந்து இல்லை.

கச்சான் காற்றுக்குத்தான் தலையிடி வருகிறது என்று அப்பாச்சி சொல்வா.

அப்பாச்சி முழுக்கப் பிழை இல்லை. அந்தத் தென்மேற்குக் காற்றின் வெக்கை, தண்ணி குடிக்காதது, நித்திரை முறிவு, மூன்றும் ஒற்றைத் தலையிடியைக் கிளப்பும்.

என்ன விலை? (எட்டுப் பேர்)

எட்டுப் பேரும் விலைதான் கேட்டீர்கள், ஒருவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. பற்றரி சில வருடத்தில் தீரும், வயர் இடம் மாறும், அறும், கிருமி தொற்றும். ஒவ்வொன்றுக்கும் திரும்பத் தியேட்டர். முதல் பில்லை மட்டும் கேட்டால் அது விலை இல்லை.

பின்கழுத்தில் வைக்கிறது என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது தோலுக்கடியில், பின்மண்டை நரம்புக்கு மேல். மண்டையோட்டைத் திறப்பதில்லை, அதனால் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஹங்கேரி ஆசுப்பத்திரிகளில் கிளஸ்டர் தலையிடிக்காரர் 131 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு முழுக் கரண்ட், மறு பாதிக்கு 30 வீதம் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் தாக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கரண்டின் அளவு முக்கியம் இல்லையா, இல்லாவிட்டால் வயர் வைத்ததே ஆறுதலா என்று இன்னும் அடிபடுகிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே எதற்காகவாவது மூளையில் வயர் வைத்தவர்கள் பிசியோதெரபியில் டயதேர்மி (மின்னலையால் உடம்புக்குள் கொடுக்கிற சூடு) பிடிக்கவே கூடாது. கம்பி சூடாகி மூளையைச் சுடும். எம்ஆர்ஐக்குப் போகும்போதும் முதல் வார்த்தை “என் உடம்பில் வயர் இருக்கிறது.”

பனடோல் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்? (ஐந்து பேர்)

எத்தனை குளிசை என்பதோடு எத்தனை நாள் என்றும் கேளுங்கள், மேலே ரீச்சருக்குச் சொன்னதை வாசியுங்கள். ஒரு நாள் அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

சீனக்குடாவில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பி: என்னிடமே ஒக்சிசன் சிலிண்டர் நிற்கிறது. அதை அந்தக் கிண்ணியா ஓட்டோக்காரருக்குக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்வியோடு மற்றக் கேள்வியெல்லாம் நின்றுபோனது. நான் “தொடாதே” என்றேன். தம்பி விடவில்லை: “மிஸ், வாயு ஒன்றுதானே, ஒரே ஆலையில்தானே நிரப்புகிறார்கள்?” உள்ளே இருப்பது ஒக்சிசன்தான், அதில் தம்பி சொல்வது சரி, நான் அவசரப்பட்டுப் பாய்ந்துவிட்டேன். ஆனால் அந்தச் சிலிண்டர் எங்கெங்கே போய்வந்தது, உள்ளே என்ன போனது என்று மருந்து ஒக்சிசனுக்குப் பார்க்கிற மாதிரி ஒருவரும் பார்ப்பதில்லை. அதன் ரெகுலேற்றர் அழுத்தத்தைக் காட்டும், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று காட்டாது. எண்ணெய்க் கையோடு வால்வைத் திறந்தால் தீப்பற்றும் என்று தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதற்குள் நிலாவெளியிலிருந்து ஒரு டைவிங்காரர்: “என்னுடைய சிலிண்டர் சுத்தம், அதைக் கொடுக்கிறேன்.” அண்ணை, உங்களுடைய மனதுக்கு நன்றி, ஆனால் சாதாரண டைவிங் சிலிண்டரில் இருப்பது அமுக்கிய காற்று, ஒக்சிசன் 21 வீதம். அதற்குக் கடற்கரையில் போய் நின்றால் போதும். அவருக்கும் வெல்டிங் தம்பிக்கும் இரவு பதினொரு மணி வரை சண்டை, எவருடைய வால்வு திறம் என்று.

கடைசியில் கிண்ணியாத் தங்கச்சிதான் நிறுத்தினா: “வால்வை விடுங்கள். இராவைக்கு ஒரு மணிக்கு நான் எங்கே போவது?”

சரியான கேள்வி. கிளினிக்கில் டொக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நாலு விசயம் அதில் இருக்க வேண்டும்: நோயின் பெயர், லீற்றர், நிமிடம், எந்த மாஸ்க். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டோவிலேயே வையுங்கள். ஆசுப்பத்திரியில் இரவுக் கடமையில் நிற்கிற தாதிப் பிள்ளைக்கு, சுவரில் தலையை இடிக்கிற மனிசனைக் கண்டால் குடித்துவிட்டு வந்தவர் என்றுதான் படும், கடிதம் இருந்தால் மாஸ்க்கை எடுக்கும். வீட்டுக்குச் சிலிண்டர் வைப்பதையும் அதே டொக்டரிடம் கேளுங்கள். வீட்டில் வைத்தால் பக்கத்தில் சிகரட், அடுப்பு, சாமிவிளக்கு, ஊதுபத்தி ஒன்றும் வேண்டாம். நெஞ்சுச் சளி, நீண்டகால மூச்சு வருத்தம் உள்ளவர்கள் இந்த அளவில் தாங்களாக எடுக்கவே கூடாது.

வெல்டிங் தம்பி சிலிண்டர் வந்தால் தூக்கி இறக்கத் தள்ளுவண்டி தருகிறேன் என்றிருக்கிறார். அது வேண்டும், வாங்குங்கள்.

ஓர்ஸ் ஹில் ரீச்சர் திரும்பவும்: எண்ணிப் பார்த்தேன் மிஸ், போன மாதம் 22 நாள். ஆனால் அந்த வயர்…

இருபத்திரண்டு. அந்தக் கலண்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை இன்னும் மோசமாக இடிக்கும், அதையும் சொல்லிக் கேட்டு நிறுத்துங்கள்.