ஹீட் பம்ப் வைக்கும் முன் பைப்பைப் பாருங்கள்

வீட்டுத் தண்ணீர்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றியவை. மின் செலவு குறையுமா என்று கேட்டவர்களுக்கு ஒரே வரியில் பதில்: குறையும். காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. இதை விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது பைப் சமாச்சாரம். பைப் வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் அதை நான் சொல்கிறேன்.

கேள்வி: குளியலறைகளில் இருந்த கீசர்களைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே 200 லிட்டர் ஹீட் பம்ப் ஒன்று வைத்தோம். டேங்கில் 55 டிகிரி காட்டுகிறது. ஆனால் குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வெகுநேரம் ஆகிறது, வந்தாலும் வெதுவெதுப்புதான். மெஷினில் கோளாறா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. முன்பு கீசருக்கும் ஷவருக்கும் நடுவே ஒரு கை நீளப் பைப்தான் இருந்தது. இப்போது டேங்க் வெளியே போய்விட்டது. நடுவில் கிடக்கும் பைப்பில் ஆறி நிற்கும் தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் சூடான தண்ணீர் உங்கள் கைக்கு வரும். 20 மி.மீ. உள்விட்டமுள்ள பைப் மீட்டருக்கு 0.3 லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். 15 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 5 லிட்டர். ஒவ்வொரு தடவையும் அவ்வளவும் சாக்கடைக்குப் போகிறது. குழாயை மூடியதும் இன்னொரு 5 லிட்டர் வெந்நீர் பைப்பிலேயே நின்று ஆறுகிறது. மெஷின் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு இப்படிச் சுவருக்குள் கரைகிறது.

முதலில் ஒரு வாளியை வைத்து, வெந்நீர் வருவதற்குள் எவ்வளவு சேருகிறது என்று பாருங்கள். ஓரிரண்டு லிட்டர் என்றால் அப்படியே விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால், கடைசிக் குளியலறைக்குத் தனியாகப் போகும் கிளையில் 15 மி.மீ. போதுமா என்று பிளம்பரைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அது 20 மி.மீ. பைப்பில் பாதிக்குச் சற்று அதிகமான தண்ணீரைத்தான் பிடித்து வைக்கும். வெந்நீர் லைன் முழுவதும் நைட்ரைல் ரப்பர் உறை போடுங்கள். நேர் பைப்புக்கு மட்டும் போட்டுவிட்டு எல்போ, டீ போன்ற இணைப்புகளையும் வால்வையும் மொட்டையாக விட்டுப் போகிறவர்கள் அதிகம். வெப்பம் அங்கேதான் ஒழுகும். வெயில் படும் இடத்தில் உறைக்கு மேல் இன்னொரு மூடாக்கு வேண்டும். இல்லாவிட்டால் அது வெடித்து உதிர்ந்துவிடும்.

பைப்பில் ஆறிய தண்ணீரை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் போட்டு, சின்ன பம்ப் வைத்துச் சுற்றவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். போடலாம், ஆனால் நாள் முழுக்கச் சுற்றவிடாதீர்கள். டேங்கில் சூடு மேலே நிற்கும், குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கும். அடியில் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு சிக்கனமாக ஹீட் பம்ப் ஓடும். ரிட்டர்ன் தண்ணீர் இடைவிடாமல் வந்து விழுந்தால் எல்லாம் கலந்து, அந்த நன்மை போய்விடும். டைமரோ, குளியலறையில் ஒரு அழுத்து பொத்தானோ வைத்து, தேவைப்படும்போது மட்டும் ஓட்டுங்கள்.

வெதுவெதுப்புக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். டேங்குக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் மிக்சர் குழாய் ஏதோ ஒன்றின் வழியாகக் குளிர்நீர் வெந்நீர் லைனுக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். பிரஷர் பம்பைக் குளிர்நீர் லைனில் மட்டும் மாட்டிய வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பம்பை இரண்டு லைனும் பிரியும் இடத்துக்கு முன்னால் மாற்றினால் தீரும்.

கேள்வி: ஹீட் பம்ப் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. லீக்கா?

கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் சில்லென்று சொட்டினால் அது லீக் இல்லை. காற்றில் உள்ள ஈரம் மெஷினின் குளிர்ந்த காயிலில் (உலோகச் சுருளில்) படிந்து வடிகிறது; ஈரப்பதம் மிகுந்த நாளில் பல லிட்டர் வரும். அதற்கென்று ஒரு வடிகால் பைப் வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு, நடுவில் மேடு ஏறக்கூடாது, முனை தண்ணீரில் முங்கக்கூடாது. சுவரோரம் விட்டுவிட்டால் அஸ்திவாரத்தை ஊறவைக்கும். சொட்டுவது சூடாக இருந்தாலோ, பித்தளை வால்வின் வாயிலிருந்து வந்தாலோ, அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தண்ணீர் சூடாகும் நேரத்தில் பாதுகாப்பு வால்வு தினமும் சொட்டுகிறது. வாயில் ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாம் என்கிறார் வேலைக்கு வந்தவர்.

அவரைத் தடுத்துவிடுங்கள். வேறு எந்தப் பதிலையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

தண்ணீர் சூடானால் விரியும். 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது 2.8 லிட்டர் அளவுக்குக் கூடுதல் இடம் கேட்கும். டேங்குக்கு முன்னால், தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத பழைய முறையில், அந்தக் கூடுதல் தண்ணீர் சத்தமில்லாமல் மேல்நிலைத் தொட்டிக்கே திரும்பிவிடும். ஹீட் பம்ப் மாட்டும்போது நான்-ரிட்டர்ன் வால்வைச் சேர்த்துவிடுகிறார்கள். திரும்பும் வழி அடைபடுகிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் டேங்குக்குள் அழுத்தம் ஏறுகிறது, பாதுகாப்பு வால்வு திறந்து விடுகிறது. அது பழுதாகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது.

இதற்கு மருந்து எக்ஸ்பான்ஷன் டேங்க். உள்ளே ரப்பர் பையும் காற்றும் இருக்கும் சின்ன உருளை அது. நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் ஹீட் பம்ப் டேங்குக்கும் நடுவே, குளிர்நீர் லைனில் மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன், காலியாக இருக்கும்போதே, அதன் காற்றழுத்தத்தை லைன் அழுத்தத்துக்குச் சமமாக வைக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, பிறகு டேங்கையே குறை சொல்பவர்கள் உண்டு. அதன் பிறகும் வால்வு நாள் முழுக்கச் சொட்டினால், லைன் அழுத்தமே அதிகமா என்று அளந்து பார்த்து, பிரஷர் குறைக்கும் வால்வு போடலாம். அழுத்தமும் சரியாக இருந்தால் வால்வு மூடி உட்காரும் இடத்தில் மணல் சிக்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

ஒரு வீட்டில் அந்த வாயில் எண்ட் கேப் போட்டு, டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி, ரெஞ்சால் இறுக்கியிருந்ததைப் பார்த்தேன். லைனை மூடி, தண்ணீரை ஆறவிட்டு, கேப்பை அரைச் சுற்று தளர்த்தியதுமே டேப்பின் இடுக்கிலிருந்து எதிர்ச் சுவர் வரை பீய்ச்சியது. அந்த அறையில் குழந்தையின் சைக்கிள் நின்றிருந்தது. தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் அந்த டேங்க் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வால்வின் வாயிலிருந்து அதே அளவுப் பைப்பை, சூடு தாங்கும் பைப்பை, கீழ்நோக்கி இறக்கிக் கண்ணில் படும் இடத்தில் திறந்து விடுங்கள். நடுவில் வால்வு கூடாது, மூடி கூடாது, காயில் தண்ணீர் வடியும் பைப்போடு சேர்ப்பதும் கூடாது.

கேள்வி: ஏற்கனவே இருக்கும் வெள்ளை பிவிசி பைப்பிலேயே வெந்நீரை விடலாமா?

கூடாது. 60 டிகிரியில் யுபிவிசி எனப்படும் அந்தச் சாதாரண பிவிசி இளகித் தொய்யும். வெந்நீருக்கான சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும்; பிபிஆர் என்ற பிளாஸ்டிக் பைப், செம்பு இரண்டும் நல்லவை. சிபிவிசி போட்டால் அது நீளும் என்பதை மறக்காதீர்கள்: 10 மீட்டர் பைப் 35 டிகிரி சூடேறினால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். கிளாம்பை நெருக்கி இறுக்காமல், திருப்பங்களில் நகர இடம் விடுங்கள்.

கேள்வி: குளிர் மிகுந்த நாட்டில் வசிக்கிறோம். கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வீட்டைச் சூடாக்கவும் ஹீட் பம்ப் வைக்கச் சொல்கிறார்கள். பழைய ரேடியேட்டரும் பைப்பும் அப்படியே இருக்கலாம் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர்.

இருவரும் கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். 8 கிலோவாட் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். பாய்லரில் போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், நிமிடத்துக்கு 6 லிட்டருக்கும் குறைவாக ஓடினால் போதும். ஹீட் பம்ப் 5 டிகிரி வித்தியாசத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 23 லிட்டர் வேண்டும். அதே பைப்பில் நான்கு மடங்கு தண்ணீர்! மெயின் லைன் ஒல்லியாக இருந்தால் பம்ப் திணறும், பைப் இரையும், மெஷின் அடிக்கடி நிற்கும். பெரும்பாலும் மெஷினை ஒட்டிய பிரதான லைனைப் பெரிதாக்கினால் போதும், சின்ன ரேடியேட்டருக்குப் போகும் கிளைகள் பிழைத்துக்கொள்ளும். 8, 10 மி.மீ. பைப்பில் ஓடும் வீடுகளில்தான் உண்மையான சிக்கல்.

ரேடியேட்டருக்கு வருவோம். சராசரி 70 டிகிரித் தண்ணீரில் அது தரும் வெப்பம், 45 டிகிரித் தண்ணீரில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அறைவாரியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பழைய காலத்தில் தேவைக்கு மேல் பெரிய ரேடியேட்டர் மாட்டிய அறைகள் தப்பித்துவிடும். மற்றவற்றில் மட்டும் மாற்றினால் போதும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் காட்டாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய லைனைக் கழுவாமல் புது மெஷினோடு சேர்க்கவும் விடாதீர்கள். ரேடியேட்டரின் அடியில் கறுப்புச் சேறாக இரும்புத் துகள் கிடக்கும். அது ஹீட் பம்பில் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் தகடுகளின் குறுகிய இடுக்குகளுக்குள் போய் அடைத்துவிடும். லைனைக் கழுவுங்கள், திரும்பும் லைனில் காந்த ஃபில்டர் போடுங்கள். வெளியே இருக்கும் பைப் உறையாமல் இருக்க கிளைகால் (glycol) என்ற உறைதடுப்புத் திரவமோ, கடுங்குளிரில் தானே திறந்து தண்ணீரை வடித்துவிடும் உறைதடுப்பு வால்வோ வேண்டும்.

கேள்வி: 45 டிகிரியில் வைத்தால் மின்சாரம் இன்னும் மிச்சமாகுமே?

ஆகும். ஆனால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகுவது 20-க்கும் 45-க்கும் நடுவில்தான். அந்தத் தண்ணீரின் நுண்துளிகளை ஷவரில் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். 60 டிகிரியில் சேமியுங்கள். அல்லது குறைத்து வைத்து, வாரம் ஒருமுறை துணை ஹீட்டரால் டேங்க் முழுவதையும் 60-க்கு மேல் ஏற்றும் வசதியை இயக்கி வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், டேங்கின் வெளிவாயில், குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மிக்சிங் வால்வு ஒன்று அவசியம். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். கழற்றிய பழைய கீசர்களுக்குப் போன பைப் துண்டுகளையும் டீ-யிலேயே வெட்டி அடையுங்கள். முனை மூடிய பைப்பில் தண்ணீர் தேங்கிக் கிடப்பது இந்தக் கிருமிக்கு வசதி.

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத் தண்ணீர். ஹீட் பம்ப் தாங்குமா?

கீசர் காயில் அளவுக்குச் சூடேறாததால் உப்பு படிவது குறைவு. ஆனால் படியத்தான் செய்யும். டேங்கைச் சுற்றிச் சுருள் அமைந்த வகை தாங்கும். தண்ணீரையே மெஷினுக்குள் இழுத்துத் தகடுகள் வழியாக விடும் வகையென்றால் ஸ்ட்ரெய்னர் (தூசி பிடிக்கும் வலை) கட்டாயம். அதன் இரு பக்கமும் மூடித் திறக்க பால் வால்வு (ball valve) போட்டால்தான் வீட்டுத் தண்ணீரை நிறுத்தாமல் வலையைக் கழுவ முடியும். டேங்குக்குள், டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் அரிந்து கரையும் ஆனோடு கம்பியை வருடத்துக்கு ஒருமுறை உருவிப் பாருங்கள். அதை உருவ டேங்குக்கு மேலே இடம் விட்டிருக்க வேண்டும். கூரையை ஒட்டி டேங்கை நிறுத்திவிட்டு, பிறகு கம்பியை எடுக்க முடியாமல் தவிக்கும் வீடுகள் இருக்கின்றன.

கேள்வி: கடைசிக் குளியலறையின் பழைய சின்ன கீசரை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஹீட் பம்ப் லைனை அதன் உள்வாய்க்குக் கொடுங்கள். தூரத்துக் குளியலறையில் காத்திருப்பு தீரும். உள்வாய்த் தண்ணீர் எத்தனை டிகிரி வரை வரலாம் என்பதைக் கீசரின் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் தனிப் பாதுகாப்பு வால்வு இருக்கட்டும். சுவிட்சை அணைத்தே வைக்கப் போகிறீர்கள் என்றால், பைபாஸ் போட்டு அதை லைனிலிருந்து விலக்கிவிடுங்கள்.