அக்கா, நீங்களே பாத்துருங்க

அன்புள்ள மேடம்,

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மண்டபம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங். பி.எஸ்சி. மாணவிகள் சிலரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஹாஸ்டலில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் கடலில் பாசி எடுக்கப் போன ஒரு பெண் காலில் திருக்கை முள் குத்தி வந்தார். வலியில் துடிக்கிறார். ஜூனியர் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நீங்களே பாத்துருங்க" என்றாள். பார்த்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்தால் ஒன்றுமே இல்லை. அதட்டினாலோ மறுநாள் தப்பை மறைக்கிறார்கள். கடைசியில் மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று டிக் அடிக்கிறேன். சூப்பர்விஷன் பற்றி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாம்), ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

துடிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு ஜூனியரிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றிருந்தீர்கள் என்றால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். நோயாளிதான் முதலில், அதில் பேரம் இல்லை. ஆனால் திருக்கைக் குத்தில் அவசரமும் உண்டு, அவகாசமும் உண்டு. காலை வெந்நீரில் வைக்கிறோம். 45 டிகிரி செல்சியஸை ஒட்டிய, பொறுக்கக்கூடிய சூடு. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அந்தக் கால் தண்ணீரிலேயே இருக்கும். அவ்வளவு நேரமும் நீங்களும் அவளும் அங்கேதானே நிற்கப் போகிறீர்கள்? வலி கொஞ்சம் தணிந்ததும் பேச்சைத் தொடங்கியிருக்கலாம்.

என்ன பேசுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதியது, 'ஒன் மினிட் பிரிசெப்டர்' (ஒரு நிமிட ஆசான்) என்று பெயர். நெரிசலான ஓ.பி.யில் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களுக்காகவே உண்டானது. முதல் கேள்வி: "நீ என்னன்னு நெனைக்கிற?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அவள் இரண்டு நொடி விழித்தாலே நமக்குப் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். "ஏதோ முள்ளு குத்திருக்கு, கிளீன் பண்ணி கட்டுப் போட்டுரலாம்" என்று அவள் சொன்னால் அடுத்த கேள்வி: "எத வச்சு சொல்ற?" இங்கேதான் அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது வெளியே வரும். காயத்தைப் பார்த்திருக்கிறாள், நஞ்சைப் பற்றி யோசிக்கவில்லை.

இப்போது நீங்கள் பேசலாம். ஆனால் ஒரே ஒரு விதி: திருக்கை குத்தினால் முதலில் சூடு, ஏனென்றால் அதன் நஞ்சு சூடு தாங்காத புரதம். பிறகு முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்ப்பது, தேவையென்றால் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது, டிடி ஊசி. அதோடு நிறுத்துங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் என்ன, கடல் பாம்பு கடித்தால் என்ன என்று மன்னார் வளைகுடாவையே அன்றைக்குக் கொட்ட வேண்டாம். அப்புறம் அவள் சரியாகச் செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். வெறும் "குட்" போதாது. "தண்ணிச் சூட்ட உன் கைய வச்சுப் பாத்துட்டு அப்புறம் அவங்க கால வச்ச பாரு, அது சரி. வலியில இருக்கிற காலுக்குச் சூடு தெரியாது, வெந்துரும்." கடைசியில்தான் திருத்தம்: "கட்டுப் போட அவசரப்பட்டுட்ட." மொத்தம் ஐந்தே வேலை, சில நிமிடம்.

"நீங்களே பாத்துருங்க" என்பதற்கு மருந்து காலையில் இருக்கிறது, சம்பவம் நடக்கும்போது இல்லை. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஓலே டென் காட்டே 2005 வாக்கில் முன்வைத்த நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் முறையில் ஐந்து படிகள்: பார்ப்பது, மேற்பார்ப்பவர் பக்கத்தில் நிற்க, தானே செய்வது; அவர் கூப்பிடு தூரத்தில் இருக்க, தானே செய்வது; தனியாகச் செய்வது, மற்றவரை மேற்பார்ப்பது. ஒரே பெண் பிரஷர் பார்ப்பதில் நான்காவது படியிலும், குழந்தைக்கு ஊசி போடுவதில் இரண்டாவதிலும் இருப்பாள். ஓ.பி. திறக்கும் முன்பே ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிடுங்கள்: "இன்னிக்கு எதத் தனியாச் செய்வ? எதுக்கு நான் பக்கத்துல நிக்கணும்?" அவளே வாயால் சொன்ன வேலையைப் பிறகு உங்கள் தலையில் கட்ட மாட்டாள்.

அதட்டல் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. நோயாளிக்குக் கெடுதல் நடக்கப் போகிறதென்றால் "நிறுத்து" என்று சொல்லிக் கையில் வாங்குங்கள். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். மற்ற எதையும் நோயாளி முன்னால் சொல்லாதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் கட்டிலில் படுத்திருப்பவர் அந்த மாணவிக்கு அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆக இருப்பார். நீங்கள் திட்டியது அவள் வீடு போய்ச் சேருமுன் ஊருக்குள் போய்விடும். பிறகு ஏன் மறைக்க மாட்டாள்?

1980களில் பிரிட்டனில் மனநல ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிரிஜிட் ப்ராக்டர் மேற்பார்வைக்கு மூன்று வேலை என்றார்: தரம் காப்பது, கற்றுக்கொடுப்பது, ஆளைத் தாங்கிக்கொள்வது. நம் கல்லூரிகள் முதலாவதைப் படிவமாக்கின, இரண்டாவதை வகுப்பாக்கின, மூன்றாவதை யார் பொறுப்பிலும் விடவில்லை. கடலுக்குப் போனவர் உயிரில்லாமல் கொண்டுவரப்படும் நாள் உங்கள் நிலையத்துக்கும் வரும். அன்றைக்கு உங்கள் ஜூனியர் ஒரு படகுக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் கேஸ் ஷீட்டை நீங்கள் எழுதுங்கள். அவளை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுங்கள். மறுநாள் விசாரியுங்கள்.

படிவத்துக்கு ஒரே வரி: கண்ணால் பார்க்காததற்கு டிக் போடாதீர்கள், கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

புத்தகம் கேட்டிருக்கிறீர்கள், நான் சொல்லப் போவதில்லை. ஊசி போடுவதை யாரும் உங்களுக்குப் புத்தகத்தில் மட்டும் சொல்லித்தரவில்லையே. செய்துகாட்டி, செய்யவைத்து, பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மேற்பார்வை அந்த ஐந்து படிகளில் கடைசிப் படி. அதில் உங்களை ஏற்றிவிட்டவர்கள் நீங்கள் அதைச் செய்வதை ஒரு தடவையாவது பார்த்தார்களா? உங்கள் கைடிடம் அரை மணி நேரம் கேளுங்கள். ஓ.பி.யில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஜூனியரிடம் நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் அவர் குறித்துக்கொள்ளட்டும். எந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னாள், எதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.